தேசே குன்றில் மாலை ஜெபமும் இளையோர் பகிர்வும்: ஒரு தன்னார்வ ஊழியரின் அனுபவம்

வெளிநாட்டில் ஊழியம் செய்துவிட்டுத் திரும்புகிறவரிடம் நம் சபையார் முதலில் கேட்பது, “அங்கே எத்தனை கூட்டங்களில் பேசினீர்கள்?” என்பதுதான். பல திருச்சபைகளைச் சேர்ந்த துறவறச் சகோதரர்கள் வாழும் பிரான்சு நாட்டின் தேசே குழுமத்தில் தன்னார்வ ஊழியராக இருந்து திரும்பிய என்னிடம் அந்தக் கேள்விக்குப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்படி பதில் எதுவும் இல்லை. அங்கே தன்னார்வலர் யாரும் பிரசங்கம் செய்வதில்லை. பெரிய பாத்திரங்களைக் கழுவுவதும், கூடாரங்களுக்கு வழிகாட்டுவதும், ஆலய வாசலில் ‘அமைதி’ என்று பல மொழிகளில் எழுதிய பலகையைப் பிடித்து நிற்பதும், பல நாடுகளிலிருந்து வந்த இளையோர் சிலரோடு வட்டமாக உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்பதுமே அங்கு ஊழியம். ஆயினும், இளையோர் கூடுகை என்றால் நல்ல பேச்சாளர் ஒருவரும் நல்ல பாடகர் குழு ஒன்றும் வேண்டும் என்று எண்ணி வளர்ந்த எனக்கு, அந்த மாலைவேளைகள் வேறொன்றைக் காட்டின. இளையோர் மனம் திறந்து பேசுவது நடத்துகிறவரின் திறமையால் அல்ல. அவர்கள் பேசுவதற்கு இடம் இருக்கும்படி அந்த மாலை அமைக்கப்பட்டிருப்பதால்தான். தேசேக்கு ஊழியம் செய்யப் போக நினைப்பவர்களையும், தம் சபையில் வாலிபர் ஐக்கியத்தை நடத்துபவர்களையும் மனத்தில் வைத்து, நான் அங்கே கண்டதையும் பயின்றதையும் எழுதுகிறேன்.

தேசே என்பது பர்கண்டிப் பகுதியில், க்ளூனி என்ற பழைய மடாலய ஊருக்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஒரு சிற்றூர். குழுமத்தை நிறுவியவரான, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சகோதரர் ரோஜர், 1940ஆம் ஆண்டு தமது 25ஆம் வயதில் அங்கே வந்து ஒரு வீட்டை வாங்கினார். போரினால் பிளவுண்டிருந்த பிரான்சின் இரு பகுதிகளையும் பிரித்த எல்லைக்கோட்டுக்கு அருகில் இருந்த அந்த வீட்டில், யூதர்கள் உள்ளிட்ட அகதிகளுக்கு அவர் அடைக்கலம் கொடுத்தார். 1949இல் முதல் சகோதரர்கள் வாழ்நாள் முழுவதற்குமான அர்ப்பணத்தைச் செய்தார்கள். இன்று ஏறத்தாழ 30 நாடுகளைச் சேர்ந்த, கத்தோலிக்கரும் பல்வேறு சீர்திருத்தத் திருச்சபையினருமான சகோதரர்கள் அங்கே ஒன்றாக வாழ்கிறார்கள். அவர்கள் தங்களுக்கென நன்கொடை பெறுவதில்லை. மண்பாண்டம் வனைவது போன்ற தங்கள் உழைப்பாலேயே வாழ்கிறார்கள். நான் பலகை பிடித்து நின்ற ஒப்புரவு ஆலயமே அயல்நாட்டு இளையோர் செய்த ஊழியத்தால் எழுந்ததுதான்: போரில் தங்கள் நாடு இழைத்த தீங்குகளுக்குப் பரிகாரத் தொண்டு செய்ய முன்வந்த ஜெர்மானியத் தன்னார்வலர்கள் அதைக் கட்டினார்கள், 1962 ஆகஸ்டில் அது திறக்கப்பட்டது. தமிழருக்கும் தேசே முற்றிலும் அந்நியமானதல்ல. 1985ஆம் ஆண்டு இறுதியில் அக்குழுமத்தின் பன்னாட்டு இளையோர் கூடுகை ஒன்று சென்னையில் நடந்தது. அதில் பங்கேற்ற மூத்தவர் ஒருவர் சொல்லித்தான் நான் அந்தப் பெயரையே முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்கூட்டியே குழுமத்துக்கு எழுதி, தன்னைப் பற்றியும் தன் சபையைப் பற்றியும் ஒளிவுமறைவின்றித் தெரிவித்து, அழைப்புக் கடிதம் வந்த பின்னரே விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகியகால விசாவில் எந்த 180 நாள் காலப்பகுதியிலும் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது என்பதையும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு தேவை என்பதையும் நினைவில் வைத்துத் திட்டமிடுவது நல்லது. தங்குமிடமும் உணவும் கிடைக்கும்; சம்பளம் கிடையாது. பிரெஞ்சு மொழி தெரியாவிட்டாலும் ஆங்கிலத்தைக் கொண்டு சமாளித்துவிடலாம். தமிழ் வேதாகமம் ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்; நாள் முழுவதும் பிற மொழிகளிலேயே பேசிக் களைத்துப்போன இரவுகளில் அதன் அருமை தெரியும்.

தேசேயின் வாரம் ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு வரை ஓடுகிறது. நாள்தோறும் காலை, நண்பகல், மாலை என மூன்று முறை மணி அடிக்கும். மணி அடித்ததும் சமையற்கூடம் முதல் வரவேற்பறை வரை எல்லா வேலையும் நிற்கும். காலை ஜெபத்துக்குப் பின் சகோதரர் ஒருவர் வேதப்பகுதியை அறிமுகம் செய்து, சிந்திக்கச் சில கேள்விகளைக் கொடுப்பார். அதன் பிறகு சிறு குழுக்கள் கூடும். வந்திருக்கும் இளையோர் எல்லாருக்கும் ஏதாவது ஒரு வேலையும் உண்டு: உணவு பரிமாறுதல், கழிப்பறை துப்புரவு, குப்பை அகற்றுதல் போன்றவை. மாலையில் எளிய உணவு. ஒரு கிண்ணமும் ஒரு கரண்டியும் இருந்தால் போதும். இரவு 8:30க்கு மாலை ஜெபம். ஜூன் மாதத்தில் அந்த ஜெபம் முடிந்து வெளியே வரும்போதும் வானத்தில் வெளிச்சம் இருக்கும் என்பது ஆறரை மணிக்கே இருட்டிவிடும் ஊரிலிருந்து போன எனக்கு வெகு நாட்கள் பழகவில்லை.

இந்த மாலை ஜெபத்தின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற எல்லாமே அதைச் சார்ந்தே நடக்கின்றன. ஆலயத்தில் பெரும்பாலோர் தரையிலேயே அமர்வார்கள். நமக்குச் சம்மணமிட்டு உட்காருவது இயல்பு. ஐரோப்பிய இளைஞர்கள் முதல் நாளில் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பதைப் பார்த்தால் சற்றே சிரிப்பு வரும். வெண்ணிற அங்கி அணிந்த சகோதரர்கள் ஆலயத்தின் நடுவே நீண்ட வரிசைகளாக உட்கார்ந்து, எல்லாரும் நோக்கும் திசையையே நோக்குகிறார்கள். மக்களைப் பார்த்து நின்று பாடல் நடத்துபவர் எவரும் இல்லை. பாடலின் எண் சுவரில் உள்ள மின்பலகையில் தோன்றும், ஒருவர் தொடங்குவார், எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள். பாடல்கள் ஓரிரு வரிகளே. அவை பல நிமிடங்கள் திரும்பத் திரும்பப் பாடப்படும். பல நாட்டு இளையோர் பெருந்திரளாக வரத் தொடங்கிய காலத்தில், பிரெஞ்சு மொழிச் சங்கீதங்களில் அவர்களால் கலந்துகொள்ள முடியவில்லை என்பதாலேயே இவ்வகைப் பாடல்கள் உருவாயின. ஜாக் பெர்த்தியே என்ற இசையமைப்பாளர் அவற்றுள் பலவற்றுக்கு இசை அமைத்தார். வேதப்பகுதி சில மொழிகளில் வாசிக்கப்படும். அதற்கு விளக்கவுரை கிடையாது. பிறகு ஒரு பாடல். அதன்பின் எட்டு முதல் பத்து நிமிடம்வரை முழு மௌனம்.

முதன்முறை வருகிறவர் இந்த மௌனத்தில் படும் பாட்டை நான் வாரந்தோறும் கண்டேன். திங்கட்கிழமை மாலையில் இருமலும் தொண்டைச் செருமலும் கேட்கும். சிலர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள். பதின்பருவத்தினர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்குவார்கள். யாரும் அவர்களைக் கண்டிப்பதில்லை. புதன், வியாழனில் அதே ஆட்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். மௌனம் நல்லது என்று அவர்களுக்கு யாரும் உபதேசித்ததால் வந்த மாற்றம் அல்ல அது. அந்த நேரத்தில் தாங்கள் எதையும் செய்து காட்ட வேண்டியதில்லை, எதையும் நம்புவதாகச் சொல்ல வேண்டியதில்லை, யாரும் தங்களை அளவெடுக்கவில்லை என்பதை அவர்கள் தாங்களாகவே கண்டுகொள்கிறார்கள். ஒரு வாரம் என் குழுவில் இருந்த நெதர்லாந்து இளைஞர் ஒருவர் ஞானஸ்நானம் பெறாதவர். நண்பர்கள் அழைத்ததால் வந்தவர். மற்ற எல்லாவற்றையும் ஐயத்தோடு பார்த்த அவர், மௌனத்தைத் தவறவிடக்கூடாது என்பதற்காகவே மூன்று வேளையும் ஆலயத்துக்கு வந்தார். நம் ஆராதனைகளில் ஒரு நிமிட அமைதி அறிவித்தால் அதற்குள் நடத்துகிறவரே மெல்லிய குரலில் ஜெபிக்கத் தொடங்கிவிடுவார். அமைதியைச் சொற்களால் நிரப்பியாக வேண்டும் என்ற அவசரம் நமக்கு அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனிச் சிறு குழுவுக்கு வருகிறேன். தன்னார்வலர்களிடம் ஒப்படைக்கப்படும் வேலைகளில் மிகக் கடினமானது இதுதான். ஒரு வட்டத்தில் எட்டுப் பத்துப் பேர். அதிலேயே ஐந்தாறு தாய்மொழிகள். சிலர் பக்தியுள்ள குடும்பத்தினர், சிலர் பள்ளியோடு சுற்றுலாவாக வந்தவர்கள், சிலர் வீட்டில் எதையோ விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள். கையில் ஒரு வேதப்பகுதியும் இரண்டு மூன்று கேள்விகளும் மட்டுமே இருக்கும். குழு நடத்துகிறவர் ஆசிரியர் அல்ல என்பதைச் சகோதரர்கள் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுவார்கள்.

சேர்ந்து வேலை செய்த பிறகு கூடும் குழுவில் பேச்சு எளிதாக வரும் என்பதை விரைவிலேயே கவனித்தேன். ஒருவர் தேய்க்க ஒருவர் அலசிப் பாத்திரம் கழுவும்போது இலக்கணம் பார்த்து ஆங்கிலம் பேச வேண்டியதில்லை. பாட்டும் கேலியுமாக வேலை நடக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின் வட்டத்தில் உட்காருபவர்கள் ஏற்கெனவே ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆகையால் உங்கள் குழுவுக்கும் வேலைக் குழுவுக்கும் ஒரே ஆட்கள் வரும்படி கேட்டுப் பெற முடிந்தால் கேட்டுப் பெறுங்கள்.

வட்டத்தில் ஒரே நாட்டவர் அடுத்தடுத்து அமர்ந்தால் அவர்களுக்குள் தனிப் பேச்சு தொடங்கிவிடும். கலந்து உட்கார வைத்தால் ஆங்கிலம் குறைவாக அறிந்தவர் தனித்துப்போவார். இதற்கு நான் கைக்கொண்ட வழி, ஆங்கிலம் தடுமாறும் ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் அவருடைய மொழி அறிந்த ஒருவரை மட்டும் அமர்த்துவது. சொல்ல வேண்டியதை அவர் முதலில் தம் தாய்மொழியிலேயே முழுவதுமாகச் சொல்லிவிடட்டும். பிறகு அடுத்திருப்பவர் எங்களுக்கு அதைச் சொல்லட்டும் என்று ஏற்பாடு செய்தேன். இதனால் நேரம் இரட்டிப்பாகும் என்பது உண்மைதான். ஆனால் பாதி தெரிந்த மொழியில் பேசுபவர் தம் கருத்தைச் சொல்வதில்லை, தமக்குத் தெரிந்த சொற்களுக்குள் அடங்குவதை மட்டுமே சொல்கிறார். போர்ச்சுகல் நாட்டுப் பெண் ஒருவர் மூன்று நாட்கள் “ஆம், நல்லது” என்பதற்கு மேல் எதுவும் பேசவில்லை. தம் மொழியில் பேசலாம் என்றதும், முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்யும் தம் வாழ்க்கையைப் பற்றி இடைவிடாமல் பேசினார். அவர் பேசிய மொழி எங்களுள் பெரும்பாலோருக்குப் புரியவில்லை. ஆயினும் மொழிபெயர்ப்பு வருமுன்பே வட்டம் முழுவதும் அவர் பக்கம் சாய்ந்திருந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் குழு கூடுமுன் தனியே பேசி, மெதுவாகப் பேசும்படியும் வேடிக்கைச் சொலவடைகளைத் தவிர்க்கும்படியும் கேட்டுக்கொண்டால் அவர்கள் வருத்தப்படுவதில்லை. யாரும் அதுவரை அப்படிச் சொல்லாததால்தான் வேகமாகப் பேசுகிறார்கள்.

முதல் கேள்வி, விசுவாசம் உள்ளவரும் இல்லாதவரும் ஒருபோலப் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த வேதப்பகுதியில் தேவன் உன்னோடு என்ன பேசுகிறார் என்று தொடங்கினால் பாதிப் பேர் வாய் திறக்கமாட்டார்கள். இந்தக் கதையில் வரும் ஆட்களுள் யாருடைய நிலைமை உனக்குப் பழக்கமானதாக இருக்கிறது என்று கேட்டால், திருச்சபைக்குள் காலடி வைக்காதவரும் ஏதாவது சொல்வார். கேள்வி கேட்ட பிறகு வரும் அமைதியைப் பொறுத்துக்கொள்வது குழுத் தலைவரின் முக்கியமான வேலை. வேறு மொழியில் யோசித்து, அதை ஆங்கிலத்தில் அமைத்து, பேசலாமா என்று தயங்கி, பிறகு வாய் திறக்க ஒருவருக்கு நேரம் ஆகும். அதற்குள் நாம் கேள்வியை வேறு விதமாகக் கேட்டுவிட்டால் அவர் மறுபடியும் முதலிலிருந்து யோசிக்கத் தொடங்க வேண்டியிருக்கும்.

யாரும் முன்வராதபோது நானே முதலில் பேசினேன். இங்கே நம் சபைகளின் சாட்சி சொல்லும் பழக்கம் கைகொடுத்தது. முன்பின் அறியாதவர் முன் தன் வாழ்க்கையைச் சொல்ல நமக்குக் கூச்சம் குறைவு. ஆனால் முதலில் பேசுகிறவர் எவ்வளவு நேரம் பேசுகிறாரோ, ஏறக்குறைய அதே அளவுதான் பிறரும் பேசுவார்கள். அவர் வெற்றிக் கதை சொன்னால் எல்லாரும் வெற்றிக் கதையே தேடுவார்கள். ஆகையால் சுருக்கமாகவும், முடிவு தெரியாத ஒரு காரியத்தைப் பற்றியும் பேசுவேன். அப்படிப் பேசினால் அடுத்தவரும் தம் முடிவுபெறாத காரியத்தைச் சொல்லத் துணிவார். லித்துவேனியாவைச் சேர்ந்த ஒருவர், படிப்பு முடிந்தும் எந்த வேலைக்கும் விண்ணப்பிக்க மனம் வரவில்லை என்று சொன்னது அப்படியொரு தொடக்கத்துக்குப் பிறகுதான்.

ஒருவர் துன்பத்தைச் சொன்னதும் வசனம் சொல்லித் தேற்றுவதும், உடனே கைவைத்து ஜெபிப்பதும் நமக்கு இயல்பான அன்பின் செயல்கள். அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பலதரப்பட்டவர் இருக்கும் வட்டத்தில், ஒருவரின் பேச்சுக்கு உடனே பதில் வந்தால் அடுத்தவர் தமக்கும் ஒரு பதில் வந்து விழும் என்று அஞ்சித் தம் பேச்சை அடக்கிக்கொள்கிறார். எனவே, யார் பேசினாலும் அறிவுரை கூறுவதில்லை, திருத்துவதில்லை, “நன்றி” என்ற ஒரு சொல்லோடு அடுத்தவருக்குச் செல்வது என்ற விதியை முதல் நாளே எல்லாரோடும் பேசி வைத்துக்கொள்வோம். தேற்றுதலுக்கு மாலையில் நேரம் உண்டு. வட்டத்தில் பேசியவரிடம் இரவு உணவுக்குப் போகும் வழியில் யாராவது தனியே வந்து, “நீ சொன்னது எனக்கும் நடந்தது” என்பார். அது என் வாயிலிருந்து வரும் எந்த ஆறுதலைவிடவும் ஆழமாகச் சென்று சேரும்.

திருச்சபைப் பிரிவுகளைப் பற்றிய விவாதம் எப்படியும் ஒருநாள் எழும். நற்கருணையை யார் பெறலாம் என்ற கேள்வி கத்தோலிக்கரையும் சீர்திருத்தத் திருச்சபையினரையும் இன்னும் பிரித்தே வைத்திருக்கிறது; காலை ஜெபத்தில் அது கண்ணுக்கும் தெரியும். நற்கருணை பெறாதவர்களுக்கு ஆசீர்வதிக்கப்பட்ட அப்பம் வழங்கும் வழக்கம் அங்கே உண்டு என்றாலும், சிலருக்கு வலி இருக்கவே செய்கிறது. மாலை ஜெபத்தில் இந்தப் பிரிவு தோன்றுவதில்லை. திருவிருந்து இல்லாத அந்த வேளையில் எல்லாரும் ஒரே பாடலைப் பாடி, ஒரே மௌனத்தில் உட்காருகிறார்கள். பல சபையினர் சேர்ந்து கூடும் நிகழ்வு ஒன்றை நீங்கள் திட்டமிட்டால் மாலை வேளையைத் தேர்ந்தெடுக்க இதையே முதற்காரணமாகச் சொல்வேன்.

மாலை ஜெபம் எப்போது முடிகிறது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஒரு கட்டத்தில் சகோதரர்கள் எழுந்து செல்வார்கள். விரும்புகிறவர்கள் உட்கார்ந்து பாடிக்கொண்டே இருப்பார்கள். சகோதரர்கள் சிலர் ஆலயத்தின் ஓரங்களில் நின்று, பேச விரும்பி வருகிறவரின் பேச்சைக் கேட்பார்கள். சகோதரர் ரோஜர் முதுமையிலும் இதைச் செய்துவந்தார். 2005 ஆகஸ்டு 16ஆம் தேதி, ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்த மாலை ஜெபத்தின் நடுவிலேயே, மனநலம் குன்றிய ஒரு பெண்ணால் அவர் குத்திக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 90. அதன் பிறகும் மாலை ஜெபங்கள் நிற்கவில்லை. கேட்பதற்காகக் காத்து நிற்கும் வழக்கமும் நிற்கவில்லை. வரிசையில் நின்று, ஐந்து நிமிடம் பேசிவிட்டு, முகம் தெளிந்து போகும் இளைஞர்களைப் பார்த்தபோது, கேட்பதற்கென்று ஓர் இடமும் ஒரு நேரமும் எல்லாருக்கும் தெரியும்படி ஒதுக்கி வைத்தாலே போதும், தேவையுள்ளவர் தேடி வருவார் என்பது விளங்கிற்று.

ஆலயத்துக்கு வெளியே வேறொரு மாலை நடக்கும். ஓயாக் என்று அழைக்கப்படும் சிற்றுண்டி இடத்தைச் சுற்றிக் கிட்டார், நடனம், சிரிப்பு என்று ஒரே ஆரவாரம். முதலில் இது ஜெபத்தின் பயனைக் கலைத்துவிடும் என்று எண்ணுவோருண்டு. நான் அப்படி எண்ணவில்லை. பிற்பகல் வட்டத்தில் பேசாதவர்கள் அங்கேதான் பேசுவார்கள். நள்ளிரவுக்கு முன்பே அந்த இடம் அடைக்கப்படும். கூடாரங்களுக்குப் போகும்படி கேட்டுக்கொள்ளும் வேலை தன்னார்வலர் குழுவுக்கு வரும். அதட்டினால் கூட்டம் விளையாட்டாக எதிர்க்கும். பெயர் சொல்லி அழைத்து, “நாளைக்குப் பேசலாம், வா” என்றால் நடக்கும். ஆகவே பெயர்களை நினைவில் வைத்துக்கொள்வது வெறும் நாகரிகம் அல்ல, இரவுப் பணிக்கு வேண்டிய கருவி.

இத்தகைய இரவுகளில் சில பேச்சுகள் நம் தாங்குதிறனுக்கு மீறியவையாக இருக்கும். வீட்டில் நடக்கும் வன்முறை, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஆகியவற்றை ஒருவர் சொல்ல வரும்போது, “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்கக்கூடாது. “இதை நானும் நீயும் சேர்ந்து ஒரு சகோதரரிடமோ சகோதரியிடமோ சொல்வோம்” என்று சொல்லி, அன்றிரவே அழைத்துச் செல்ல வேண்டும். மூடிய அறையில் தனித்து உட்கார்ந்து பேசுவதையும், வயதில் இளையவரைத் தனியே அழைத்துச் செல்வதையும் முற்றிலும் தவிர்க்க வேண்டும். இந்த ஒழுங்குகளை வெறும் சம்பிரதாயமாக எண்ணுபவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தன் சகோதரர்கள் சிலர் மீது எழுந்த பழைய பாலியல் குற்றச்சாட்டுகளைத் தேசே குழுமமே 2019இல் வெளிப்படையாக அறிவித்தது. புனிதமான இடம் என்பதால் கண்காணிப்பு வேண்டாம் என்று எந்த இடத்தைப் பற்றியும் சொல்ல முடியாது. நம் ஊர் வாலிபர் முகாம்களில் இதைப் பற்றி நாம் இன்னும் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் மனக்குறை.

வெள்ளி மாலையில் சிலுவை தரையில் கிடத்தப்படும்; விரும்புகிறவர் ஒவ்வொருவராக முழந்தாளில் சென்று நெற்றியை அதன்மேல் வைப்பார்கள். சனி மாலையில் சிறுவர்கள் தொடங்கி எல்லார் கையிலும் மெழுகுவர்த்திச் சுடர் பரவும். இவ்விரு மாலைகளையும் பற்றிப் பலர் உருக்கமாக எழுதியிருப்பதால் நான் அதிகம் சொல்லவில்லை. தன்னார்வலருக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன்: சனி இரவு அழுது விடைபெற்றவர்கள் ஞாயிறன்று பேருந்தில் ஏறிப் போவார்கள், அன்று பிற்பகலே அடுத்த கூட்டம் வந்து இறங்கும். வாரந்தோறும் புதியவர்களை முழு மனதோடு வரவேற்று, வாரந்தோறும் வழியனுப்புவது உடலுழைப்பைவிட அதிகமாகக் களைப்பூட்டும். எல்லாரோடும் தொடர்பில் இருப்பதாக வாக்களித்தால் மூன்றாம் வாரத்திலேயே நூற்றுக்கணக்கான செய்திகளுக்குப் பதில் எழுத வேண்டியிருக்கும்; ஓரிருவரோடு மட்டும் நட்பைத் தொடர்வது நேர்மையானது. 1966 முதல் பக்கத்து ஊரில் வாழ்ந்து, வரவேற்புப் பணியில் பங்கெடுக்கும் புனித அந்திரேயா சபைச் சகோதரிகளுள் ஒருவர் என்னைப் போன்ற பெண் தன்னார்வலர்களை வாரந்தோறும் சந்தித்துப் பேசுவார். “இந்த வாரம் யார் பேச்சைக் கேட்டாய்?” என்று தொடங்கும் அவர், “உன் பேச்சை யார் கேட்டார்கள்?” என்ற கேள்வியையும் தவறாமல் கேட்பார். பிறர் பேச்சைக் கேட்கும் ஊழியத்துக்கு யாரை அனுப்பினாலும், அவர் பேச்சைக் கேட்க ஒருவரை ஏற்பாடு செய்துவிட்டு அனுப்புங்கள்.

திரும்பி வந்தபின் எங்கள் சபையில் இப்படியொரு மாலையை நடத்த அனுமதி கேட்டபோது, ‘தேசே ஜெபம்’ என்று பதாகை வைக்கலாம் என்று பலர் விரும்பினார்கள். நான் வேண்டாம் என்றேன். தங்கள் பெயரில் ஓர் இயக்கம் உருவாவதைச் சகோதரர்களே விரும்புவதில்லை. இளையோர் தத்தம் திருச்சபைக்குத் திரும்பிப் போய் அங்கே பங்கெடுக்க வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். எனவே அயல்நாட்டுப் பாடல்களைக் கொண்டுவந்து கற்பிக்கவும் இல்லை. நாம் நன்கறிந்த பல்லவிகளுள் சொல் குறைவானவற்றைத் தேர்ந்தெடுத்து, தாளக் கருவிகள் இல்லாமல், சரணங்களைத் தவிர்த்து, நிதானமாகத் திரும்பத் திரும்பப் பாடினோம். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்தோம். எங்கள் ஆயரும் கூட்டத்தோடு தரையிலேயே உட்கார்ந்தார். ஒலிபெருக்கி இல்லை, அறிவிப்புகள் இல்லை, காணிக்கை இல்லை. முக்கால் மணி நேர ஜெபத்துக்குப் பின் ஆறேழு பேர் கொண்ட வட்டங்கள் கூடும்; வட்டத்தை நடத்துபவர்களுக்கு மட்டும் முன்னதாக ஒருநாள் பயிற்சி கொடுத்தோம். மௌனம் தொடக்கத்தில் மூன்று நிமிடம் மட்டுமே. அதை எட்டு நிமிடமாக நீட்ட எங்களுக்குப் பல மாதங்கள் ஆயின. பெரியவர்கள் சிலர், செய்தி இல்லாத கூட்டம் என்ன கூட்டம் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், ஞாயிறு ஆராதனையில் செய்தி உண்டு, இது அதற்கு மாற்று அல்ல என்று பதில் சொன்னோம்.

தேசேக்கே போக விரும்பும் இளையோருக்கு இன்னும் ஒன்று. கோடையில் அங்கே வாரந்தோறும் ஆயிரக்கணக்கானோர் குவிவார்கள். ஆகஸ்டு பிற்பகுதியில் 18 முதல் 35 வயதினருக்கென ஒரு தனி வாரமும் நடப்பது வழக்கம். பல நாட்டினரைச் சந்திக்க அதுவே ஏற்ற காலம். ஆனால் ஊழியத்தை நிதானமாகப் பயில விரும்புகிறவர் இலையுதிர் காலத்துக்கு விண்ணப்பிக்கலாம். கூட்டம் குறைவு, வட்டங்கள் சிறியவை, சகோதரர்களோடும் சகோதரிகளோடும் பேச நேரம் கிடைக்கும். குளிர் மட்டும் கடுமையாக இருக்கும். ஆலயத் தரையில் மணிக்கணக்காக உட்கார வேண்டியிருப்பதால் கம்பளிக் காலுறைகள் இரண்டு மூன்று சோடி எடுத்துச் செல்லுங்கள்.